சுடாத மண்

"மூக்குல அந்தக் கண்ணாடித் தழும்புகூட விழுந்திருக்கே!" முற்றத்தில் பலகைமேல் இருந்த மாமனாரின் சிலையைச் சுற்றிச் சுற்றி வந்தாள் மதுரம் மாமி. "எந்த வாத்தியார் பண்ணினது?"

"நான்தாம்மா பண்ணேன்," என்றாள் செந்தாமரை.

"நீயா? எறக்கி வைக்க வந்த பொண்ணுன்னுன்னா நெனச்சேன். எந்த ஊர் நீ?"

"இதே ஊருதாம்மா. கீழத்தெரு. கண்ணாத்தா மக."

சிலையின் தோளில் இருந்த மாமியின் கை சூடுபட்டதுபோல் விலகியது. விலகிய கையைப் புடவையில் துடைத்துக்கொள்ளவும் அவள் மறக்கவில்லை.

வலங்கைமான் பக்கத்து அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு இடம் கொடுத்தவர் வெங்கட்ராகவன். பவள விழாவுக்கு அவருடைய மார்பளவுச் சிலை வேண்டுமென்று மகன் கல்யாணம், மாமியின் கணவர், கவின்கலைக் கல்லூரியில் கேட்டார். சிற்பத் துறையில் இறுதியாண்டு படிக்கும் செந்தாமரைக்கு அந்த வேலை வந்தது. அவளுடைய தேர்வுக்கும் அதுதான் படைப்பு. திங்கட்கிழமை சூளையில் வைக்க வேண்டும். சுட்டுவிட்டால் எதையும் திருத்த முடியாது, அதற்குள் வீட்டில் எல்லோரும் பார்த்தாக வேண்டும் என்று கல்யாணம் பிடிவாதம் பிடித்தார். குட்டியானை வண்டியில் வைக்கோலைப் பரப்பி, வழியெல்லாம் சிலையை மடியோடு அணைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

மூன்று மாதம் அந்த முகத்தோடு இருந்தவள். அம்மா இடுப்பொடிய நடவு நட்டபோது, வரப்பில் குடைக்கடியில் நின்று அதட்டிய வாய் அது. வன்மத்தோடு தொட்டால் வேலை கெட்டுவிடும் என்று, உதட்டோரத்தில் போட்டோவில் இல்லாத கொஞ்சம் கனிவை அவளே வைத்தாள். இப்போது அதை நினைக்க வெட்கமாக இருந்தது.

கல்யாணம் தொண்டையைக் கனைத்தார். "நாங்க ஜாதியெல்லாம் பாக்கறவா இல்லேம்மா. நம்மாத்துல உங்க தெருவே வந்து சாப்ட்டிருக்கு." எங்கே உட்கார்ந்து என்று அவர் சொல்லவில்லை. "பெரியவர் சிலை பாரு. கொஞ்சம் தீர்த்தம் விட்டுடுவோம். ஒரு மனத்திருப்திக்கு."

"சார், இது சுடாத மண்ணு. தண்ணி பட்டா..."

'சார்' என்ற சொல்லே அவர் காதில் இடறியது. அவளுடைய பாட்டன் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை.

"எங்களுக்கா சொல்றே? தலைமுறை தலைமுறையா மண்ணை நம்பிப் பொழைச்சவா நாங்க. சித்தே தள்ளி நில்லு."

தள்ளி நின்றாள். மாமி உள்ளே போய்ச் செப்புக்குடத்தில் தண்ணீர் கொண்டுவந்தாள். ஓடிப்போய்க் குடத்தைப் பிடுங்கலாம். பிடுங்கினால் அந்தக் குடத்தையும் கழுவுவார்கள். இன்னொரு தடவை சொல்ல வாய் வரவில்லை. வர வேண்டாம் என்றும் இருந்தது.

மாமி மந்திரம் முணுமுணுத்தபடியே குடத்தைச் சிலையின் தலையில் கவிழ்த்தாள். காய்ந்த மண் ஆவலாகக் குடித்துக் கறுத்தது. கீழத்தெருவே வந்து தொட்டதுபோல், அடுத்தடுத்து இன்னும் இரண்டு குடம். கண்ணாடித் தழும்போடு மூக்கு வழுக்கி இறங்கியது. பின்னாலேயே காது. உள்ளே குடைந்திருந்த தலை ஒரு பக்கமாக அமுங்கியது.

"ஐயோ, அப்பா!" கல்யாணம் இரண்டு கைகளாலும் தாங்கப் பார்த்தார். ஒரு கன்னம் பிய்ந்து கையோடு வந்தது. நாற்பது வேலி நிலம் ஆண்ட பரம்பரையில் முழங்கைவரை சேறு பட்ட முதல் ஆள் அவராகத்தான் இருக்கும்.

பிய்ந்த கன்னத்தை இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துப் பார்த்தார்; நிற்கவில்லை.

"இன்னொண்ணு பண்ணிக் குடுத்துடும்மா," என்றார். "விழாவுக்கு நாள் இருக்கே."

செந்தாமரை வண்டியிலிருந்து சாக்கை எடுத்து வந்து, சேற்றை இரு கையாலும் அள்ளிப் போடத் தொடங்கினாள்.

"அத ஏன்டி அள்றே?" என்றாள் மாமி.

"கீழத்தெருக் குளத்து மண்ணும்மா. பரிட்சைக்கு ஒரு தலை வேணும். எங்கம்மாவப் பண்ணப் போறேன்."

"இந்த மண்ணுலயா? எங்க மாமனார..."

"நல்ல மண்ணும்மா." விரலிடுக்கில் பிசைந்து பார்த்தாள். "தண்ணியும் நீங்களே ஊத்திட்டீங்க."

சாக்கின் வாயை விரித்துக் கல்யாணத்தின் முன்னால் நீட்டினாள்.

"கையில இருக்கறதையும் போட்டுருங்க சார்."

அவர் அப்பாவின் கன்னத்தை ஒருமுறை பார்த்தார். சாக்கில் போட்டார்.