புள்ளி எட்டு

போல்ட் செய்யும் தொழிற்சாலையில் அவர் தரப் பரிசோதகர். பதினெட்டு வருஷமாக எண்களைப் பார்த்தே தீர்ப்புச் சொன்னவர். வரம்புக்கு மேலே போனால் சிவப்புக் கோடு, கீழே இருந்தால் பச்சை டிக். அவர் கையெழுத்துக்கு மறுபேச்சுக் கிடையாது. அந்த மிதப்பை வீட்டுக்கும் கொண்டுவந்தார் பாருங்கள், அதுதான் வினை.

மகளுக்கு ஏழு வயது. பள்ளியில் யாரோ கொடுத்த மிட்டாயைத் தின்றுவிட்டு உதடு வீங்கி வந்தாள். டாக்டர் அலர்ஜி டெஸ்டுக்கு ரத்தம் எடுத்து அனுப்பி, வியாழக்கிழமை வரச் சொன்னார். முடிவு திங்கட்கிழமையே போனில் வந்துவிட்டது. கோதுமைக்கு அலர்ஜி எண் பன்னிரண்டு. வேர்க்கடலைக்கு ஒன்றுகூட இல்லை, வெறும் புள்ளி எட்டு.

பரிசோதகருக்குக் கை சும்மா இருக்குமா? அச்செடுத்து, கோதுமைக்குச் சிவப்பு, கடலைக்குப் பச்சை போட்டு ஃபிரிட்ஜில் ஒட்டினார். தினமும் ரொட்டி தின்று ஒன்றும் ஆகாத பிள்ளைக்கு அன்றே ரொட்டி நின்றது. டாக்டரைப் பார்க்கும்வரை பொறுங்கள் என்று மனைவி தலைபாடாய் அடித்துக்கொண்டாள். எண்ணைப் படிக்கத் தெரியாதவனா நான் என்று கேட்டு அவள் வாயை அடைத்தார்.

புதன்கிழமை மாலை, மனைவி வேலையிலிருந்து வருமுன், பிள்ளை பசி என்றாள். ரொட்டி கூடாதே, பாவம் என்று ஒரு கிண்ணம் வறுத்த வேர்க்கடலை கொடுத்தார். பாசத்தோடுதான் கொடுத்தார், யார் இல்லை என்றது!

கால் மணி நேரத்தில் அவளுக்கு மூச்சு இழுத்தது. ஆஸ்பத்திரியில் என்ன சாப்பிட்டாள் என்று கேட்டதற்கு, கடலைதான், அது புள்ளி எட்டுதான் என்று அங்கேயும் சாதித்தார். ஊசி மேல் ஊசி போட்டும் பிள்ளை தங்கவில்லை.

வியாழக்கிழமை வரச் சொல்லியிருந்த டாக்டர், புருஷன் பெண்டாட்டி இருவரையும் உட்காரவைத்தார்.

"அலர்ஜி இருக்க எவ்வளவு வாய்ப்புன்னுதான் அந்த எண் சொல்லும். வந்தா எவ்வளவு கடுமையா வரும்னு சொல்லாதுங்க. சாப்பிட்டப்ப என்ன ஆச்சுன்னு கேட்டு, அதோட சேர்த்துத்தான் பார்க்கணும். தினமும் ஒத்துக்கிட்ட ரொட்டியை நிறுத்தியிருக்கவே வேண்டாம். அந்த மிட்டாயில கடலை இருந்துச்சான்னுதான் நான் முதல்ல கேட்டிருப்பேன்."

மனைவி அழவில்லை. புருஷன் பக்கம் திரும்பினாள்.

"சாப்பிடும்போது அவ ஒண்ணுமே சொல்லலையா?"



"நாக்கு அரிக்குதுப்பான்னா. சாக்குச் சொல்லாம மிச்சத்தையும் சாப்பிடுன்னு நான்தான் சொன்னேன். சாப்பிட்டா."