நேர்காணல் நாற்பத்தொன்று

ஆயுதம் ஏந்திய குழுக்களைப் பற்றி முப்பத்தைந்து ஆண்டுகள் ஆய்வு செய்தேன். காடுகளில் என்னிடம் பேசியவர்களுக்கு என் நூலில் எண் உண்டு, பெயர் இல்லை. எண்ணையும் பெயரையும் இணைக்கும் தாளை, நூல் அச்சேறிய அன்றே எரித்தேன். ஓய்வுபெற்றுத் திருவிடந்தையில் தனியே குடியேறிய இந்த ஆறு ஆண்டுகளில், தண்ணீர்க் கேன் போடுபவரையும் மின்கணக்கு எடுப்பவரையும் தவிர என் வாயிற்கதவைத் திறந்தவர் இல்லை.

அக்டோபர் இறுதியில் ஒரு பெண் திறந்தார். வயது நாற்பதுக்குச் சற்று மேல். கையில் என் நூலின் தமிழ்ப் பதிப்பு.

"ஜாக்குலின், மேடம். அச்சரப்பாக்கத்துலேருந்து மூணு பஸ்ஸு மாறி வரேன். இத நீங்கதான எழுதனது?"

விரல் செருகியிருந்த பக்கத்தை விரித்தார். நேர்காணல் நாற்பத்தொன்று: ‘மழையில் நடுங்கிய ஆட்டுக்குட்டியைக் கோணியில் சுற்றி, அதற்கு ஞானஸ்நானம் தரும்படி கேட்டு, என் தங்கை மலைக்கோவில் வரை தூக்கிக்கொண்டு போனாள்.’

"அந்தத் தங்கச்சி நான்தான். ஃபாதர் சிரிச்சிகினே தண்ணி தெளிச்சாரு. என் பொண்ணு காலேஜ்ல படிச்சிட்டு, ‘யம்மா, உன் ஆட்டுக்குட்டி கத புக்குல கீது’ன்னு ஓடியாந்தா. இத எங்க ஜான்சன் அண்ணனத் தவுர யாரு சொல்லப்போறா?"

ஊர், ஆறு, மொழி அனைத்தையும் மாற்றியிருந்தேன். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும், அழகாக இருந்ததனால், நீக்காமல் விட்டேன். பிழை என்னுடையது.

"பேசினவர் யாருன்னு நான் சொல்லக்கூடாதும்மா."

"பேரு வேணாம் மேடம். வர்ற ரெண்டாந்தேதி கல்லறைத் திருநாள். செத்தவங்க பேர எழுதிக் குடுத்தா பூசையில படிப்பாங்க. அண்ணன் வூட்ட வுட்டுப் போயி இருவத்தெட்டு வருஷம் ஆவுது. வருஷா வருஷம் எங்கம்மா பேனாவ வெச்சிகினு குந்திக்கும். அவன் பேர மட்டும் எழுதாது. ‘உசுரோட கீறவன நானே பொதைக்கவா’ன்னு கேக்கும். இப்ப அதுக்கு எம்பத்திரண்டு. எழுதலாமா, வேணாமா? அத மட்டும் சொல்லுங்க."

அவன் இயக்கப் பெயரில் இறந்தான். நாளிதழ்களும் அந்தப் பெயரையே வெளியிட்டன. இரு பெயர்களும் ஒருவனுடையவை என்று அறிந்தவள் நான் ஒருத்தி. தன்னைப் பற்றி வீட்டாருக்கு எதுவும் தெரியக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தான். நான் வாய் திறக்கவில்லை.

என்னையே பார்த்துக்கொண்டிருந்த ஜாக்குலினின் முகம் மெல்ல மலர்ந்தது.

"புரியுது மேடம். செத்தவன இன்னாத்துக்கு இப்டி மூடி வெக்கணும்? எங்கயோ நல்லா கீறான். அதான் காட்டிக்குடுக்க மாட்டேன்றீங்க. எங்கம்மாகிட்ட சொல்றேன், இன்னிக்கே கறி எடுத்து ஆக்கும் பாருங்க!"

எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

தவறான தகவல் ஒன்றை நான் அறிந்தே வெளியே விட்டதில்லை. வாயிற்கதவு வரை அவரைப் போகவிட்டேன், பிறகு அழைத்தேன்.

"ஜாக்குலின். பேர எழுதிக் கொடுத்துடுங்க."

அவர் திரும்பவில்லை. கதவின் கம்பியைப் பற்றிக்கொண்டார்.

"எப்போ?"

"இரண்டாயிரத்து ஆறு. மார்ச் பதினேழு. வெள்ளிக்கிழமை."

"கெழமகூட மறக்கல." குரல் தாழ்ந்தது. "பத்தொம்பது வருஷமா எங்கம்மா வாசலப் பாத்துகினு குந்தியிருந்துது. நீங்க இங்க இத வெச்சிகினு இருந்தீங்களா?"

நூலைப் பைக்குள் திணித்துக்கொண்டு நடந்தார். சாலையோரத்தில் பேருந்து வரும்வரை நின்றார். நானும் கதவருகில் நின்றேன். ஒருமுறைகூட இந்தப் பக்கம் அவர் பார்க்கவில்லை.

பத்தொன்பது ஆண்டுகளாக மார்ச் பதினேழாம் நாள் நான் உண்பதில்லை. இனி அந்த நாளை அனுசரிக்க அவனுக்கு வீட்டார் இருக்கிறார்கள்.