கழுவாத கத்தி

சாக்கின் மேல் ஐந்து கத்திகள். மழை விட்டு வெயில் வந்த நேரம். ஐந்திலும் ஐந்து துண்டு வானம்.

மலையடிவாரச் சந்தையில், கொல்லர் மாரப்ப ஆசாரியின் கடை முன்னால் நஞ்சன் குந்தியிருந்தான். பக்கத்தில் அவன் பெண்டாட்டி மசணி. வேட்டைக்கு ஒரு கத்தி வேண்டும். ஆயுசுக்கும் ஒரே கத்தி.

நீளமானதை எடுத்தான். வைத்தான். பளபளப்பானதை எடுத்தான். நகத்தால் சுண்டினான். செத்த ஒலி. வைத்தான்.

மசணி ஒவ்வொன்றையும் இரண்டு விரல்மேல் கிடத்திப் பார்த்தாள். நான்கும் ஒரு பக்கம் சாய்ந்தன. ஐந்தாவது சாயவில்லை. கறுப்பான, அழகில்லாத கத்தி. பழைய லாரியின் வில்பட்டையைக் காய்ச்சி அடித்தது. வெக்காலி மரக் கைப்பிடி.

"இத எடு. நாள் பூரா பிடிச்சாலும் உன் கைக்குப் பாரமா இருக்காது."

ஆசாரி சிரித்தார். "அம்மிணி சரியாத்தான் எடுத்திருக்குது. ஆனா ஒண்ணுப்பா. ரத்தத்தோட காய விட்றாதே. ரத்தத்துல உப்பு இருக்குது. இரும்பத் தின்னுபோடும்."

நஞ்சன் காய விட்டதில்லை.

முயலோ உடும்போ, அறுத்து முடித்ததும் முதல் குளியல் கத்திக்குத்தான். ஓடைத் தண்ணீர். பிறகு துணி. பிறகு வெயில். பிறகு ஒரு சொட்டு விளக்கெண்ணெய், விரல் நுனியால், அடியிலிருந்து முனைவரை. கைப்பிடிக்குத் தேன்மெழுகு.

தோலுறையில் போட்டு வைக்க மாட்டான். தோல் ஈரத்தைக் குடிக்கும், குடித்ததை இரும்புக்குக் கொடுக்கும். கூரையில் செருகி வைப்பான், காற்றுப் படும்படி.

"என்னையும் இப்பிடித் தொடச்சு வெச்சா நான் கெழவியே ஆக மாட்டேன்" என்பாள் மசணி.

ஒன்பது மழை. ஒரு புள்ளி துரு இல்லை.

பத்தாவது மழையில் மசணி பாறையில் வழுக்கி விழுந்தாள். இடுப்பு போயிற்று. அதன்பின் நடையில்லை. அவன் தூக்கினால்தான் அவளுக்கு வாசல். அவன் தூக்கினால்தான் வெயில்.

அந்த வருடமே அது நடந்தது. அடிவாரத்துத் தோட்டக்காரர் ஒருவர் வேலியில் திருட்டுக் கரண்ட் விட்டிருந்தார். காட்டுப்பன்றி ஒன்று அதில் ஒட்டிக்கொண்டு செத்தது. விடிந்ததும் ஆள் அனுப்பினார். வந்து அறுத்துக் கொடு, உனக்கும் ஒரு பங்கு. மசணிக்குக் கறிச்சாறு வைத்துக் கொடுக்கலாம் என்று நஞ்சன் போனான்.

பாதி அறுத்திருந்தான். ஜீப் வந்தது. தோட்டத்து வீட்டின் கதவு சாத்திக்கொண்டது. வனக்காவலர்கள் நஞ்சனைப் பிடித்தார்கள். கத்தியைத் துணியில் சுற்றினார்கள்.

"அய்யா, ஒரு நிமிசமுங்க. கழுவிக் குடுத்தர்றேன்."

"சாட்சியக் கழுவிப்போடலாம்னு பாக்கறயா?" ஒருவர் அறைந்தார்.

கழுவவில்லை.

பதினேழு நாள் சிறை. அக்கம்பக்கத்துப் பெண்கள் மசணிக்குக் கஞ்சி வைத்தார்கள். எல்லா நாளும் அல்ல. ஜாமீனில் அவன் வந்தபோது அவள் முதுகெல்லாம் படுக்கைப் புண். கழுவினான். துடைத்தான். விரல் நுனியால் எண்ணெய் தடவினான். புண் ஒரு பக்கம் ஆறியது. மறு பக்கம் திறந்தது.

பிறகு வாய்தா. மழை. வாய்தா. பனி. வாய்தா.

கத்தியும் கோர்ட்டுக்கு வந்தது, கழுத்தில் ஒரு சீட்டோடு. முதல் வருடம் ரத்தம் கறுத்திருந்தது. இரண்டாம் வருடம் ஓரமெல்லாம் செம்மண் நிறம். நான்காம் வருடம் அலகு செதில் செதிலாக உரிந்தது. ஒரு துணி போதும். ஒரு சொட்டு எண்ணெய் போதும். கூண்டுக்கும் மேசைக்கும் எட்டடி தூரம்.

கழுவவில்லை. யாரும் கழுவவில்லை.

ஆறாம் வருடம், அவனுக்காக அரசு கொடுத்த வக்கீல் பரிமளா முகம் மலர்ந்து வந்தாள்.

"துரு பிடிச்சது நமக்கு நல்லதாப் போச்சு நஞ்சன். அது எதோட ரத்தம்னே சொல்ல முடியலன்னு ஆய்வகத்துல எழுதிட்டாங்க. சாட்சி சொன்னவனும் மாறிட்டான். இன்னிக்கு ஜட்ஜ் கத்தியக் காட்டிக் கேப்பாரு. உங்களுது இல்லன்னு சொல்லிடுங்க."

"என்னுதுதானுங்களே அம்மா."

"அப்படிச் சொன்னா மூணு வருஷம்."

மூன்று வருடம். மசணியை யார் வெயிலுக்குத் தூக்குவார்?

ஊழியர் துணியைப் பிரித்துக் கத்தியை உயர்த்திக் காட்டினார். செதில்கள் மேசையில் உதிர்ந்தன. கைப்பிடியில் ஒரு பள்ளம் தெரிந்தது. பத்து வருடம் கட்டைவிரல் அழுத்தி அழுத்தி விழுந்த பள்ளம். இத்தனைக்கும் பிறகு அது மட்டும் மழமழவென்று இருந்தது.

"இது உன் கத்தியா?"

கட்டைவிரலை மற்ற விரல்களுக்குள் மடக்கிக்கொண்டான்.

"இல்லீங்க சாமி."

விடுதலை. கத்திக்கு உரிமை கோர ஆளில்லை என்று எழுதினார்கள். அழித்துவிட உத்தரவு.

எல்லாரும் போன பிறகு நஞ்சன் மேசையருகே போய் நின்றான். ஊழியர் கத்தியை மறுபடி துணியில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"அய்யா, அழிக்கிறதுக்கு முன்னால ஒருக்கா கழுவித் தரட்டுங்களா?"

ஊழியர் நிமிர்ந்து பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை. உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார்.

"உன்னுது இல்லேல்ல? அப்புறம் உனக்கென்னப்பா?"

நஞ்சன் படியிறங்கினான்.

பேருந்தில் பாதி மலை. நடந்து மீதி மலை. குடிசைக்கு வந்தபோது கடைசி வெயில் வாசலில் கிடந்தது. மசணியைத் தூக்கி அதில் உட்கார வைத்தான். முன்பு கனப்பாள். இப்போது கனமே இல்லை.

"விட்டுட்டாங்களா?"

"விட்டுட்டாங்க."

அவள் கண்ணை மூடி வெயிலை வாங்கிக்கொண்டாள். பிறகு அவன் மடியைப் பார்த்தாள். கைகளைப் பார்த்தாள்.

"கத்தி எங்கே?"

"எந்தக் கத்தி?"

"நான் எடுத்துக் குடுத்தது."

நஞ்சன் மலையைப் பார்த்தபடி சொன்னான். "அது யாருதோ."

மசணி அவன் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். வாசலில் வெயில் இன்னும் ஒரு சாண் இருந்தது.

"குளுருது" என்றாள். "என்னைய உள்ள கொண்டுபோய்ப் போட்ரு."