மூன்று வருடம், ஆறு தடவை

அந்த மனிதர் காகிதத்தை எங்கள் பக்கம் திருப்பி வைத்தபோது வெளியே பனி விழத் தொடங்கியிருந்தது. மூன்று பக்கமும் கண்ணாடி வைத்த சிறிய அறை. காரின் விலை பேசி முடித்தவர்களைக் கடைசியாக அங்கேதான் கூட்டிப்போய் உட்கார வைப்பார்கள். கண்ணாடிக்கு அப்பால் புதுக் கார்கள் விளக்கொளியில் நின்றன. அவற்றின் நடுவே ஒரு பாப்கார்ன் மெஷின் தன்பாட்டுக்குப் பொரித்துக்கொண்டிருந்தது. வாசலில் காற்று ஊதி நிறுத்தியிருந்த உயரமான சிவப்புத் துணிமனிதன் குனிந்தான், நிமிர்ந்தான், இரண்டு கைகளையும் பனிக்குள் வீசினான். நாங்கள் ஒரு மீன்தொட்டிக்குள் இருக்கிறோம், அவன் வெளியே நின்று எங்களை வேடிக்கை பார்க்கிறான் என்று தோன்றியது எனக்கு.

"மூணு வருஷம், ஆறு சர்வீஸ்," என்றார் அந்த மனிதர். பிரான்ட் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தார். "ஆயில், ஃபில்டர், டயரை இடம் மாத்திப் போடறது எல்லாம் இதுல அடக்கம். இப்பவே கட்டிட்டா அப்புறம் நீங்க எதையும் நினைக்கவே வேணாம் சார்."

"நினைக்கறதுல எனக்குக் கஷ்டம் ஒண்ணும் இல்ல," என்றார் அப்பா. இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் செருகி அவற்றின்மேல் உட்கார்ந்திருந்தார். ஒரு வருடமாக வெளி இடங்களில் அப்படித்தான் உட்காருகிறார்.

வடக்கு டகோட்டாவில் எங்கள் பக்கத்து ஆண்கள் ஆயில் மாற்ற யாரிடமும் காரைக் கொடுப்பதில்லை. தானியக் கிடங்கில் காலையில் காப்பி குடிக்கக் கூடுகிறவர்களில் டெல்பர்ட் என்பவர் ஒருமுறை கடையில் கொடுத்து மாற்றிக்கொண்டார். அந்தக் குளிர்காலம் முழுக்க அவரை மகாராணி என்றுதான் கூப்பிட்டார்கள். பெயர் வைத்தது அப்பா. எங்கள் காருக்கு ஆயில் மாற்றி முடித்ததும் அப்பா ஒரு துண்டு காகித டேப்பில் தேதியையும் மைலையும் எழுதி டிரைவர் பக்கக் கதவின் உள்விளிம்பில் ஒட்டுவார். பழைய காரில் டேப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தடித்து, மரப்பட்டை மாதிரி இருக்கும். பள்ளிக்கூடம் போவதை நிறுத்தி வீட்டோடு இருக்கத் தொடங்கியபின் நான் அதைத்தான் விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருப்பேன். மேலே வர வர எழுத்துகள் குட்டியாகிக்கொண்டே வந்தன. கடைசித் துண்டில் ஏழா ஒன்றா என்று தெரியவில்லை.

அது அக்டோபரில் ஒட்டியது. அன்றைக்கு அப்பா காருக்கு அடியில் வெகுநேரம் கிடந்தார். சமையலறை ஜன்னலிலிருந்து அவருடைய பூட்ஸ்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு நாள் கழித்து, முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து வரும்போது, அம்மா ஓட்டிவந்த அந்தக் கார் நடுரோட்டில் நின்றுபோனது. ஆயில் இல்லாமல் எஞ்சின் இறுகிவிட்டது. மறுநாள் காலை எங்கள் ஜல்லிப் பாதையில் கறுப்பு ஆயில் சொட்டுகள் விழுந்திருப்பதைக் கண்டேன். வீட்டுக் கதவிலிருந்து ரோடுவரைக்கும், அளந்து வைத்ததுபோல. காலால் ஜல்லியை இழுத்து மூடலாம் என்று ஓடினேன். அம்மா எனக்கு முன்னாலேயே வாருகோலோடு அங்கே நின்றிருந்தாள். அப்பா பார்ப்பதற்குள் இருவருமாக அவற்றை மூடினோம். "வயசான வண்டி. அதோட காலம் முடிஞ்சிது," என்று அப்பா அன்றைக்குச் சொன்னதையே பிறகு எல்லாரிடமும் நாங்களும் சொன்னோம்.

"ஆர்விட், இதையும் வாங்கிடலாமே," என்றாள் அம்மா, அப்பாவிடம்.

"எதுக்கு? அஞ்சு கேன் ஆயில், ஒரு ஃபில்டர். நான் மாத்தினா இதுல பாதிகூட ஆகாது. இங்க வந்துதான் மாத்தணும்னு வேற போட்டிருக்கான். போக வர நூத்திருபது மைல். ஆயில் மாத்த வர்றதுலயே பாதி ஆயில் எரிஞ்சிடும்."

பிரான்ட் சிரித்தார். "உங்க பக்கத்துக்காரங்க எல்லாரும் இதையேதான் சொல்றாங்க சார்."

"சரியாத்தான் சொல்றாங்க."

"எனக்கு நிம்மதியா இருக்கும்," என்றாள் அம்மா.

"ஏன், இப்ப என்ன நிம்மதி இல்ல உனக்கு?"

அம்மா வாயைத் திறந்தாள். அவளுடைய கண்கள் அப்பாவின் தொடைக்கு அடியில் இருந்த கைகள் பக்கம் போய், வழியிலேயே திரும்பி, மேசைமேலிருந்த பேனாவில் நின்றன. அவளிடம் இருந்தது ஒரே ஒரு பதில். அதை வெளியே விட்டால் இந்த அறையிலிருந்து வேறு ஒரு அப்பாதான் எழுந்து வருவார். பாப்கார்ன் வாசனை கதவிடுக்கில் புகுந்து வந்தது. துணிமனிதன் குனிந்து, வெகுநேரம் எழாமலே கிடந்தான்.

"எனக்கு இங்க வரணும்," என்றேன்.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். வெளியாட்கள் இருக்குமிடத்தில் என் குரலை நானே கேட்டு வெகுநாளாகியிருந்தது. அது யாரோ அடுத்த அறையில் பேசுவதுபோல இருந்தது.

"இங்கயா?" என்றார் அப்பா.

"வருஷத்துக்கு ரெண்டு தடவை. கார் ரெடியாகறவரைக்கும் உக்காந்திருக்கலாம். பாப்கார்ன் இருக்கு."

பொய் என்று நினைத்துத்தான் சொன்னேன். சொல்லி முடித்தபோது அது பொய்யாக இல்லை. ஆறு தடவை இந்த நாற்காலிகளில் உட்கார்ந்து, பெயர் தெரியாத ஜனங்கள் கண்ணாடிக்கு அப்பால் நீந்திப் போவதைப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது.

அப்பா என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவர் எதையோ எண்ணுவதுபோல உதடுகள் லேசாக அசைந்தன. பிறகு பிரான்ட் பக்கம் திரும்பினார்.

"ஆயில் வடிக்கற நட்டு இருக்குல்ல. அதை உங்க ஆளுங்க சரியா முறுக்கறாங்களான்னு யார் பாக்கறது?"

"ஒருத்தர் முறுக்குவார் சார். இன்னொருத்தர் வந்து தொட்டுப் பாத்துட்டு கையெழுத்துப் போடுவார்."

"ரெண்டு பேரு."

"ஆமா சார். எப்பவும் ரெண்டு பேரு."

"நல்லது," என்றார் அப்பா. "அப்படித்தான் செய்யணும்." தொடைக்கு அடியிலிருந்து வலது கையை எடுத்துப் பேனாவை வாங்கினார். அம்மா எழுந்து கண்ணாடி ஓரமாகப் போய்ப் பனியைப் பார்த்தாள். கையெழுத்து முடிய நேரமாயிற்று.

"அறுபது நாளைக்குள்ள வேணாம்னு தோணினா ரத்து பண்ணிக்கலாம்," என்றார் பிரான்ட், மெதுவாக.

"டெல்பர்ட் என்னை என்னன்னு கூப்பிடப் போறானோ," என்றார் அப்பா.

"இளவரசின்னு கூப்பிடட்டும்," என்றாள் அம்மா, திரும்பாமலே.

வெளியே வந்தபோது புதுக் காரின்மேல் விரல்கனத்துக்குப் பனி. அம்மா டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். நான் பின்னால். அப்பா தன் பக்கம் ஏறிக் கதவைச் சாத்தாமல், கோட்டுப் பைக்குள் கைவிட்டு, காகித டேப் சுருளையும் ஒரு பேனாவையும் எடுத்தார். வீட்டிலிருந்து கிளம்பும்போதே எடுத்து வைத்திருக்க வேண்டும்.

"எத்தனை மைல் காட்டுது?"

"பதினொண்ணு," என்றாள் அம்மா.

அவர் ஒரு துண்டைக் கிழித்துத் தன் முழங்கால்மேல் ஒட்டிக்கொண்டார். குனிந்து முதல் எண்ணை எழுதத் தொடங்கினார். கோடு நடுங்கிப் பக்கவாட்டில் ஓடியது.

"காரை ஆட்டாத லோர்னா," என்றார்.

அம்மா இன்னும் எஞ்சினைக் கிளப்பவே இல்லை. "சரி, ஆட்டல," என்று சொல்லி, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள். திறந்திருந்த கதவு வழியாகப் பனி உள்ளே வந்து டேப்பின்மேல் விழுந்து, ஒவ்வொன்றாகக் கரைந்துகொண்டிருந்தது.