ஒரே தோட்டத்து ஒயின்

காபி டம்ளரை வாங்கிய கையோடு கிருபாசங்கர் அதை லேசாக ஒரு சுற்றுச் சுற்றி, மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்துவிட்டான். செய்த பிறகுதான் உறைத்தது. பெண் பார்க்க வந்த வீட்டில், பெண்ணே கொண்டுவந்து கொடுத்த காபியை, திரிந்த பாலைச் சோதிப்பது போல எவனாவது மோந்து பார்ப்பானா? பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் அம்மா பூவாத்தாள் யாருக்கும் தெரியாமல் இடுப்பில் ஒரு கிள்ளு கிள்ளினாள். வீட்டுக்குப் பின்னால் தறிக்கூடத்துச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கருமத்தம்பட்டியில் ஞாயிற்றுக்கிழமைக்கெல்லாம் தறி நிற்குமா என்ன.

தங்கள் ஊர் கணபதியிலிருந்து வரும்போதே காரில் அம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். "ஓட்டல்ல மேனேசர்னு மட்டும் சொல்லு கண்ணு. ஒயின்னு வாயில வந்துச்சு, அங்கயே சாதகத்தத் திருப்பிக் குடுத்துருவாங்க." அவள் சொன்னதில் தப்பில்லை. நம்மூரில் ஒயின் என்றாலே கூடவே 'ஷாப்' வந்து ஒட்டிக்கொள்ளும். பெங்களூருவில் ஒரு பெரிய ஓட்டலில், எந்தச் சாப்பாட்டுக்கு எந்த ஒயின் என்று பார்த்துச் சொல்வதுதான் அவன் வேலை. அதைச் சொன்ன இடமெல்லாம் கைநழுவிப் போயிற்று. வயது முப்பத்து நாலு. போனால் போகட்டும் என்று மற்ற இடங்களை விட்டவனுக்கு, இந்த இடத்தை அப்படி விட மனமில்லை. போன வாரம் இந்த வீட்டுப் பெண் அக்ஷயாவோடு போனில் பேசியிருந்தான். பெருந்துறையில் சாயத்துணியைச் சோதிக்கும் லேபில் அவளுக்கு வேலை. நல்ல சாயம் எது, வெளுக்கும் சாயம் எது என்று அவள் சொல்லச் சொல்ல நேரம் போனதே தெரியவில்லை. தன் வேலையைப் பற்றி மட்டும் அவன் மழுப்பிவிட்டான். அந்த வெட்கம் இன்னும் உள்ளே குத்திக்கொண்டிருந்தது.

"காபி சரியில்லீங்களா?" என்றாள் அக்ஷயா.

"ஐயோ, நல்லாருக்குதுங்க. பழக்க தோசமுங்க."

"என்ன பழக்கமுங்க அது?" என்று கேட்டது அவள் அப்பா மயில்சாமி. தறிக்காரர். சட்டையில் ஒட்டியிருந்த பஞ்சைக்கூடத் தட்டிவிட்டுக்கொள்ளாத மனிதர்.

மேனேஜர் என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. அக்ஷயா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனால் முடியவில்லை.

"ஒயின்ல வேலைங்க," என்றான். எல்லாவற்றையும் சொன்னான். பூவாத்தாள் கண்ணை மூடிக்கொண்டாள்.

மயில்சாமி டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, "என்ற கூடப்பொறந்த தம்பி குடிச்சே போய்ச் சேந்தானுங்க," என்றார். "நீங்க குடிப்பீங்களா தம்பி?"

"வேலையில வாயில வச்சுப் பாத்துத் துப்பிப்போடுவனுங்க. எப்பவாச்சும் ஊட்ல ஒரு கிளாஸ் குடிப்பனுங்க. அதையும் சொல்லிப்போடறனுங்க."

காரியம் கெட்டது என்றே நினைத்தான். ஆனால் மயில்சாமி விடவில்லை. திராட்சையில் அப்படிப் பார்த்துச் சொல்ல என்னதான் இருக்கிறது என்று கேட்டார். சிரா என்ற கறுப்புத் திராட்சையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தான் கிருபாசங்கர். நாசிக் பக்கம் கல்லு மேட்டில் ஒரு தோட்டம். அந்த ஒரு தோட்டத்துப் பழத்தில் மட்டும் செய்த ஒயினில் மிளகு வாசம் தூக்கலாக இருக்கும். அதே நாற்றைப் பள்ளத்தில் கரிசலில் நட்டால் வேறு வாசம்.

"நாலு தோட்டத்துப் பழத்தக் கலந்தா சரக்கு நெறைய வருமில்லீங்க? நூல்ல நாங்க கலக்கறதில்லையா?"

"கலந்தா குத்தம் தெரியாதுங்க. ஒரே தோட்டத்துதுன்னா ஒளிக்க முடியாது. மழை கெடுத்த வருஷம்னா அதுவும் அப்படியே அதுல நிக்குமுங்க."

மயில்சாமி தலையை ஆட்டினார். ஒப்புக்கொண்டாரா, சும்மா ஆட்டினாரா, தெரியவில்லை.

"புதுசுல எப்படிங்க இருக்கும்?" என்று அக்ஷயா கேட்டாள். கதவோரத்தில் நின்றிருந்தவள் எப்போது வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள் என்று அவன் கவனிக்கவில்லை.

"கடுக்காயக் கடிச்சாப்பல நாக்கப் புடிச்சு இழுக்குமுங்க. இருட்டுல, குளுமையில பாட்டிலப் படுக்கப் போட்டுப் பத்து வருஷம் வைக்கோணும். நடுவுல சில வருஷம் வாசமே இருக்காது, செத்துப்போச்சுன்னே தோணும். அப்புறமா தானாத் தெளியுமுங்க. அந்த ஊதா நெறம் செங்கல் நெறத்துக்கு வந்துரும். துவர்ப்பு அடங்கி, பொகையும் ஒலந்த பழமுமா ஒரு வாசம் வருமுங்க."

"எல்லாமேவா?"

"இல்லீங்க. பாதி, வச்சிருந்தே கெட்டுப்போகும்."

"பத்து வருஷம் தாங்கும்னு இப்பவே எப்படிங்க தெரியும்? எங்க லேப்ல சாயத்துக்குன்னா மிஷின் இருக்குது."

"இதுக்கு மிஷின் இல்லீங்க. மண்ணு நல்ல மண்ணான்னு பாக்கலாம். மத்தபடி நம்பித்தான் வைக்கோணுமுங்க."

அவள் சிரித்தாள். சத்தமில்லாமல், கீழே பார்த்துக்கொண்டு. அவனுக்குக் காது சூடாகிவிட்டது.

பூவாத்தாள் தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்தாள். எத்தனை வீட்டிலிருந்து இப்படி எழுந்திருக்கிறாள். "அப்ப நாங்க கெளம்பறமுங்க. கலந்து பேசிட்டுச் சொல்லுங்க," என்றாள், பதில் தெரிந்த குரலில். காபியும் பலகாரமும் எந்த வீட்டிலும் கொடுப்பார்கள். சம்மதம் ஆகாத வீட்டில் இலை போட்டுக் கை நனைப்பது மட்டும் வழக்கமில்லை. கிருபாசங்கரும் எழுந்து செருப்பைத் தேடினான்.

"அப்பா," என்றாள் அக்ஷயா. "எல அறுத்துட்டு வரட்டுங்களா?"

அவ்வளவுதான் கேட்டாள். பூவாத்தாள் நின்ற இடத்திலேயே நின்றாள். சமையலறையிலிருந்து அக்ஷயாவின் அம்மா கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். மயில்சாமி மகளைப் பார்த்தார். பிறகு கிருபாசங்கரை, தறியில் ஓடும் துணியைப் பார்ப்பது போல, மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தார்.

"நுனி எலையாப் பாத்து அறு அம்மணி," என்றார்.

புழக்கடைக் கதவு திறந்தது. அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, நுனிக்காலில் எக்கி, கிழியாத ஓர் இலையைக் கையில் வளைத்துப் பிடித்தாள். வாழை மொத்தமும் அவள் பக்கம் சாய்ந்து வந்தது.