கனவில் குடித்தவர்

மார்ச் பதினாறு, ஞாயிறு, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். போதை மறுவாழ்வு இல்லத்தின் இரண்டாம் மாடியில், ஏழாம் அறைக் கதவில் தொங்கும் சிலேட்டில், லிப்ட் மெக்கானிக் அறுபதை அழித்துவிட்டுப் பூஜ்யம் எழுதினார்.

குடிக்காமல் இருந்த நாள் கணக்கை அங்கே அவரவரே எழுத வேண்டும். இன்னொருவர் கை அதில் படக்கூடாது. அறுபது நாள் நிறைந்தால்தான் பிள்ளைகளைப் பார்க்க அனுமதி. மெக்கானிக்கின் ஆறு வயது மகள் நான்கு மணிக்கு வருவதாக இருந்தது.

மதிய மாத்திரைக்குப் பிறகு கண்ணயர்ந்திருந்தார். வெளியே தூறல். கனவில் அவர் பழுது பார்த்த லிப்ட் ஒன்று தரைத்தளத்தில் நிற்காமல், பஞ்சுப் பொதி போல மெல்ல இறங்கிக்கொண்டே போனது. கதவு திறந்தால் கணுக்கால் அளவு தண்ணீர். தண்ணீருக்குள் விளக்குகள் எரிந்தன. மேசைமேல் ஒரு தம்ளர். இரண்டு பக்கமும் பார்த்தார். யாருமில்லை. எடுத்துக் குடித்தார். விழித்தபோது தொண்டை எரிந்தது.

"கனவுல குடிச்சதெல்லாம் கணக்குன்னா நான் இன்னும் இங்க வந்தே சேரலண்ணே," என்றார் பக்கத்துக் கட்டில் தையல்காரர்.

நர்ஸ் கருவியைக் கொண்டுவந்து ஊதச் சொன்னாள். அது ஒன்றும் காட்டவில்லை.

"பாத்தீங்களா? அழிச்சுட்டு ஒழுங்கா எழுதுங்கண்ணே," என்றாள்.

"மெஷினுக்கு என்ன சிஸ்டர் தெரியும்? காலம் பூரா மெஷினோட மாரடிச்சவன் நான். யாராவது இருக்காங்களான்னு பாத்துட்டுத்தான் குடிச்சேன். அது நான்தானே?"

நர்ஸ் கருவியைத் துடைத்து உறைக்குள் வைத்தாள். சிலேட்டைத் தொட அவளுக்கும் உரிமை இல்லை.

நான்கு மணிக்கு மனைவியும் மகளும் வந்தார்கள். விஷயத்தைக் கேட்ட மனைவி, மகளைக் கீழே உட்காரவைத்துவிட்டு மாடியேறி வந்தாள். மெக்கானிக் படி முனையில் நின்றிருந்தார். மழை வெளிச்சத்தில் சுவர்கள் தண்ணீருக்கடியில் இருப்பவை போல நெளிந்தன. லிப்ட் தன்னை எந்தத் தளத்தில் இறக்கிவிட்டது என்று அவருக்கு இன்னும் நிச்சயமில்லை.

"குடிச்சுட்டுக் குடிக்கலன்னு ஒன்பது வருஷம் சாதிச்சீங்க. இப்ப குடிக்காமலே குடிச்சேன்னு சாதிக்கிறீங்க. உங்களோட பெரிய ரோதனை."

"தொண்டை எரியுதும்மா."

"அத்தனை மாத்திரை முழுங்கினா எரியாம குளுகுளுன்னா இருக்கும்? கிட்ட வாங்க."

போனார். அவள் சட்டைக் காலரை முகர்ந்தாள், வாயருகே முகர்ந்தாள். அந்தக் காலத்தில் அவர் வாசற்படி ஏறும்போதே, என்ன குடித்தார், எவ்வளவு குடித்தார் என்று உள்ளேயிருந்து சொல்லிவிடுவாள். இன்று வெகுநேரம் எடுத்துக்கொண்டாள்.

"சோப்பு வாசனை. கொஞ்சம் தூக்க வாசனை. வேற ஒண்ணுமில்ல."

"நெஜமாவா?"

"நான் எப்பவாவது தப்பாச் சொல்லியிருக்கேனா?"

சொன்னதில்லை. அதை அவர் ஒருநாளும் ஒத்துக்கொண்டதுமில்லை.

"இல்ல," என்றார்.

சிலேட்டில் மறுபடி அறுபது என்று எழுதிவிட்டு, மனைவியின் பின்னால் இறங்கினார். ஒரு மணி நேரச் சந்திப்பில் பதினெட்டு நிமிடம் போயிருந்தது. மீதி நாற்பத்திரண்டு நிமிடம் மகளுடன் இருந்தார்.