ஈ காவல் காத்த தேயிலைப் பெட்டி

1

இந்தக் கதைக்குக் காரணம் ஒரு செத்த ஈ. இங்கிலாந்தின் பாத் நகரத்துப் பழைய சாமான் கடையில் பூட்டு வைத்த மரத் தேயிலைப் பெட்டி ஒன்றை வாங்கினேன். உள்ளே ஈ கிடந்தது. "இருநூறு வருஷத்துப் பழசு சார்" என்றான் கடைக்காரன். பெட்டியா, ஈயா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஈக்குத் தனி விலை சொல்லியிருப்பான்.

2

முதல் வரி: 'அந்தி மயங்கும் வேளையில், வால்நட் மரத்தின் நறுமணம்...' சீ, வேண்டாம்.

இரண்டாம் முயற்சி: லெட்டிஸ் பிளண்டல் அம்மாள் கடவுளைக்கூடச் சந்தேகப்படுவாள், சமையற்காரி கெசையாவை விடுவாளா? தேயிலை தங்க விலை விற்ற காலம். பெட்டிச் சாவி அம்மாளின் இடுப்பிலேயே தூங்கும். (குளிக்கும்போதும். அந்தக் காலத்தில் யார் குளித்தார்கள் என்று கேட்காதீர்கள்.) அப்படியும் தேயிலை குறைந்தது.

ஆகவே உயிருள்ள ஈ ஒன்றைப் பிடித்து உள்ளே விட்டுப் பூட்டினாள். யாராவது திறந்தால் பறந்துவிடும், திருட்டு தெரிந்துவிடும். அருமையான யோசனை. ஆனால் பெருமை தாங்காமல் வீடு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

"அடியே கெசையா, நாளைக்கு விருந்தாளி முன்னாலதான் திறப்பேன். ஈ இல்லேன்னா நீ மூட்டையைக் கட்டு. நற்சாட்சிக் கடிதமும் கிடையாது."

கடிதம் இல்லாத சமையற்காரியை எந்த வீடும் சேர்க்காது.

"இருக்கும்மா. ஈ எங்க போயிடப்போவுது?" என்றாள் கெசையா.

3

(கெசையாவை அப்பாவியாக எழுதத்தான் உட்கார்ந்தேன். அவள் சம்மதிக்கவில்லை.) பின்பக்கக் கீலின் ஆணியைக் கொண்டை ஊசியால் தள்ளித் திறந்தாள், ஒரு பிடி எடுத்தாள், ஈ பறந்தது, அடுப்படியிலிருந்து வேறொன்றைப் பிடித்துப் போட்டாள்.

பிறகு தன் பங்குக்கு ஒரு பிடி எடுக்க வந்தார் அம்மாளின் கணவர் ஆம்ப்ரோஸ், கள்ளச்சாவியோடு. கெசையாவின் ஈ தேயிலைக்குள் பதுங்கியிருந்தது. 'ஐயோ, போயிடுச்சு!' என்று அவரும் ஒன்றைப் பிடித்துப் போட்டார்.*

* ஒரு கனவான் மேசைமேல் ஏறி ஈ பிடித்த காட்சியை நாலு பக்கம் எழுதினேன். என் மனைவி கிழித்துவிட்டாள்.

4

மறுநாள் பாதிரியார் மனைவி டார்கஸ் வந்தாள். பெட்டி திறந்தது. ஈ ஒன்று வந்தது. லெட்டிஸ் முகம் வாடியது. இன்னொன்றும் வந்தது.

"ஏம்மா, லண்டன்ல இப்ப தேயிலையோட ஈயும் சேர்த்துத்தான் நிறுக்குறாங்களா?" என்றாள் டார்கஸ்.

"அடியே கெசையா! நான் விட்டது..." அம்மாள் நிறுத்திக்கொண்டாள்.

'ஒண்ணுதான்' என்று மீதியைச் சொன்னால் கெசையா தொலைந்தாள். ஆனால் விருந்தாளி குடிக்கும் தேயிலையில் ஈ விட்டது இந்த வீட்டு எஜமானிதான் என்று பொழுது சாய்வதற்குள் ஊரே சிரிக்கும்.

ஆம்ப்ரோஸ் கூரையை ஆராய்ந்தார்.

5

முடிவு ஒன்று: ஆம்ப்ரோஸ் எழுந்து, 'குற்றவாளி நான்தான்' என்று... (அடித்துவிட்டேன். பேய்க்கதை எழுதினாலும் ஓர் அளவு வேண்டும்.)

முடிவு இரண்டு: "சீனாவுலேர்ந்தே வந்திருக்கும்" என்று சிரித்து, தேநீர் ஊற்றி, முதல் கோப்பையை அம்மாளே குடிக்கிறாள்.

எனக்கு இரண்டாவது பிடிக்கும். ஆனால் அவள் என் பேச்சைக் கேட்கிறவள் இல்லை. கதவோரம் கெசையா நிற்கிறாள். லெட்டிஸ் அம்மாள் மீதியைச் சொல்ல வாயைத் திறந்துவிட்டாள். ஈ ஒன்று நேராக அங்கேதான் போகிறது. மூடச் சொல்வதா, பேசச் சொல்வதா? சீக்கிரம் சொல்லுங்கள், ஈ காத்திருக்காது.